மாதப் பணத்தை நான்கால் வகுக்காதீர்கள்

மாதம் ஒருமுறை வரும் பணத்தை வாரவாரியாகப் பிரித்துக்கொள்ளச் சொன்னால், கல்லூரி மாணவர்கள் பெரும்பாலும் யோசிக்காமல் நான்கால் வகுத்துவிடுகிறார்கள். மாதத்துக்கு நான்கு வாரம், அதனால் நான்கு பங்கு. ஆனால் வருடத்துக்கு 52 வாரங்கள் இருக்கின்றன. அதை நான்கு நான்காகச் சேர்த்தால் 13 வரும். பணம் வருவதோ 12 தடவைதான். மாதம் 100 வருகிறது என்று வைத்துக்கொள்வோம், எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும். நான்கால் வகுத்து வாரம் 25 செலவு செய்தால் வருடச் செலவு 1300, வருட வரவு 1200. ஒரு பைசா கூட வீண் செலவு செய்யாத மாணவருக்கும் ஒரு மாதப் பணம் முழுசாகத் துண்டு விழும்.

இந்தக் கணக்கை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மாதக் கடைசியில் கை வறண்டுபோகும்போது பெரும்பாலான பிள்ளைகள் தங்களைத்தான் திட்டிக்கொள்கிறார்கள். 'எனக்குக் கட்டுப்பாடு இல்லை, எனக்குப் பணத்தைக் கையாளத் தெரியவில்லை' என்கிறார்கள். என்னிடம் இதைச் சொன்ன ஜூனியர்கள் நிறைய. அவர்கள் எழுதி வைத்திருந்ததை வாங்கிப் பார்த்தால் வகுத்தலில்தான் கோளாறு இருக்கும், அவர்களிடம் இருக்காது.

நான் சொல்லித் தருவது ஐந்தால் வகுப்பது. 100 வந்தால் வாரத்துக்கு 20. வருடம் முழுக்க அப்படிச் செலவு செய்தால் 1040 ஆகும், 160 மிஞ்சும். ஒன்றரை மாதப் பணத்துக்கும் மேல். இதைச் சேமிப்பு என்று நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் இதற்கு வேலை காத்திருக்கிறது. மாதத்தில் 28 நாள் போக மீதி இருக்கும் இரண்டு மூன்று நாட்களுக்கு அந்த ஐந்தாம் பங்கிலிருந்துதான் எடுக்க வேண்டும், அது 1040-க்குள்ளேயே சேர்ந்துவிட்டது. அதற்கு அப்புறமும் மிஞ்சும் இந்த 160, வாரக் கணக்குக்குள் அடங்காத செலவுகளுக்கு. வாடகை, விடுதிக் கட்டணம் மாதிரி மாதம் தவறாமல் போகிற தொகை இருந்தால் அதை முதலிலேயே கழித்துவிட்டு, மிச்சத்தைத்தான் ஐந்தால் வகுக்க வேண்டும்.

உதவித்தொகை மொத்தமாக வருகிறவர்களுக்குக் கணக்கு வேறு. செமஸ்டர் தொடக்கத்தில் ஒரு பெரிய தொகை, அப்புறம் மாதக்கணக்கில் ஒன்றுமில்லை. இவர்கள் வகுப்பு நடக்கும் வாரங்களால் வகுக்கக் கூடாது. அடுத்த தவணை கைக்கு வரும் நாள்வரை எத்தனை வாரமோ அத்தனையால் வகுக்க வேண்டும். பரீட்சை முடிந்து விடுமுறையில் இருக்கும்போதும் பசிக்கும், போன் பில்லும் வரும். இன்னொன்று, உதவித்தொகை சொன்ன தேதியில் வருவது அபூர்வம். அந்த எண்ணிக்கையோடு இன்னும் மூன்று நான்கு வாரத்தைச் சேர்த்தே வகுத்துவிடுங்கள். தாமதம் ஆகாமல் வந்துவிட்டால் அந்தப் பணம் எங்கும் போகாது.

சரி, மாதம் இருக்கும்போது வாரம் எதற்கு? பணம் வருவது மாதத்துக்கு ஒருமுறை என்றாலும் பசி அப்படி வருவதில்லையே. அமெரிக்காவில் மாதம் ஒருமுறை உணவு உதவி பெறும் குடும்பங்களைப் பற்றி ஜெஸ்ஸி ஷாப்பிரோ என்ற பொருளியலாளர் 2005-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். உதவி வந்த நாளிலிருந்து மாதம் போகப் போக அவர்கள் உட்கொள்ளும் கலோரி 10 முதல் 15 சதவீதம் குறைந்துகொண்டே போனது. மாதத் தொடக்கத்தில் சாப்பிட்ட அளவு மாதக் கடைசியில் இல்லை. அந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு விடுதி அறைகள்தான் ஞாபகம் வந்தன. கடைசி வாரத்தில் 'பசிக்கல' என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளும் நண்பர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பசித்தது.

மாதக் கணக்கில் தொடக்கத்தில் செய்த செலவின் வலி மூன்று வாரம் கழித்துத்தான் தெரியவருகிறது. அதற்குள் சரிசெய்ய நாள் மிச்சமில்லை. வாரக் கணக்கில் திங்கட்கிழமை கூடுதலாகச் செலவானது புதன்கிழமையே தெரிந்துவிடும். தெரிந்தால் மூன்று நாளில் சரிசெய்யலாம். அப்படியும் கையைக் கடித்தால், கடிப்பது இரண்டு நாள்தான்.

வாரத்தை எந்த நாளில் தொடங்குவது என்று கேட்பார்கள். திங்கட்கிழமை என்பது என் கட்சி. வெள்ளிக்கிழமை தொடங்கினால் கைநிறையப் பணத்தோடு வார விடுமுறைக்குள் நுழைவோம், பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள பணம் அங்கேயே கரையும். திங்கள் தொடங்கினால் கட்டாயச் செலவுகள் முதலில் முடிந்துவிடும். வெள்ளி மாலை கையில் இருப்பது எவ்வளவோ அதை நிம்மதியாகச் செலவழிக்கலாம்.

இப்போது, நான் அதிகம் பேச விரும்பும் இடத்துக்கு வருகிறேன். வார பட்ஜெட் போடத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் விட்டுவிடுகிறார்கள். காரணம் கேட்டால், 'இந்த வாரம் மட்டும் ஒரு ஸ்பெஷல் செலவு வந்துடுச்சு' என்பார்கள். போன வாரமும் ஒன்று வந்திருக்கும், ஆனால் அது வேறு. போன வாரம் கண்ணாடி உடைந்தது, இந்த வாரம் நண்பனின் பிறந்தநாள், அடுத்த வாரம் புராஜெக்ட் பைண்டிங். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் எப்போதாவது வருவதுதான். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இப்படி ஒன்று இல்லாத வாரமே இல்லை. அபிகேல் சஸ்மன், ஆடம் ஆல்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 2012-இல் இதைத்தான் ஆராய்ந்து எழுதினார்கள். வழக்கமான செலவுகளை மக்கள் ஓரளவு சரியாகவே கணிக்கிறார்கள். எப்போதாவது வரும் செலவுகளைத்தான் மிகவும் குறைத்துக் கணிக்கிறார்கள். அதோடு, 'இது ஒருதடவைதானே' என்று ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துக்கொள்வதால் அவற்றில் தாராளமாகவும் செலவழித்துவிடுகிறார்கள்.

மாணவர் வாழ்க்கையில் இது இன்னும் கூர்மையாக வரும். செமஸ்டர் தொடங்கும்போது புத்தகம், லேப் பொருட்கள், அறைக்கு முன்பணம். நடுவில் பிரிண்ட் அவுட், ஜெராக்ஸ், துறை நிகழ்ச்சிக்குப் பங்குத் தொகை, காய்ச்சலுக்கு மருந்து, பிய்ந்த செருப்பு. கடைசியில் தேர்வுக் கட்டணம், ஊருக்குப் போகும் டிக்கெட், பிரிவு விருந்து. இறுதி ஆண்டென்றால் விண்ணப்பக் கட்டணங்களும் நேர்முகத் தேர்வுக்கு ஒரு நல்ல உடையும் சேரும். இவற்றில் எதிர்பாராதது என்று உண்மையிலேயே சொல்லத்தக்கவை காய்ச்சலும் செருப்பும்தான். மற்றதெல்லாம் வரும் தேதி கிட்டத்தட்டத் தெரியும். கல்வி நாட்காட்டியை எடுத்து, போன வருடம் அதே செமஸ்டரில் படித்த சீனியர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, 'அக்கா, இந்த மாசத்துல எதுக்கெல்லாம் காசு கேட்பாங்க?' என்று கேளுங்கள். அரை மணி நேரத்தில் முழுப் பட்டியலும் கிடைத்துவிடும். என் வாரக் கணக்கு நிலைத்து நின்றதற்கு இப்படிக் கேட்டு எழுதிக்கொண்ட பட்டியல் முக்கியக் காரணம்.

பட்டியலில் உள்ள மொத்தத்தைச் செமஸ்டர் வாரங்களால் வகுத்தால் வாரத்துக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று தெரியும். ஐந்தாம் பங்கு அதற்குப் போதுகிறதா என்று பாருங்கள். போதவில்லையென்றால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது, தேர்வுக் கட்டணம் கட்டும் கடைசி நாளன்று தெரிவதைவிட. செருப்புக்கும் காய்ச்சலுக்கும் தேதி கிடையாது, ஆனால் ஒரு தொகை ஒதுக்கலாம். அதன் பெயர் 'வரப்போகிற ஏதோ ஒன்று' என்றே இருக்கட்டும். என் நோட்டில் அப்படித்தான் எழுதியிருந்தேன். அந்த வரி ஒரு மாதம்கூடச் சும்மா இருந்ததில்லை.

வாரச் செலவுக்கான எண்ணை மட்டும் மனதில் தோன்றியபடி எழுதாதீர்கள். மனம் எப்போதும் குறைத்துத்தான் சொல்லும். உல்குமென், தாமஸ், மார்விட்ஸ் என்ற மூவர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், அடுத்த மாதச் செலவை மதிப்பிடச் சொன்னபோது மக்கள் உண்மைச் செலவைவிடக் குறைவாகச் சொன்னார்கள். அடுத்த வருடச் செலவைக் கேட்டபோது உண்மைக்கு நெருக்கமாக வந்தார்கள். வருடம் என்றதும் 'இதை எப்படிச் சரியாகச் சொல்வது' என்று தயங்கி, தொகையைக் கொஞ்சம் ஏற்றிச் சொன்னதே அதற்குக் காரணம். பக்கத்தில் இருக்கும் காலத்தை நன்றாகத் தெரியும் என்று நம்புவதுதான் ஆபத்து. அதனால் முதல் நான்கு வாரம் எந்தக் கட்டுப்பாடும் போடாமல் செலவை மட்டும் எழுதுங்கள். வங்கி ஆப்பில் இருக்கும் பரிவர்த்தனைப் பட்டியலே பாதி வேலையை முடித்துவிடும். ரொக்கமாகக் கொடுத்ததை மட்டும் அன்றன்று குறித்தால் போதும். நிஜமான எண் கையில் கிடைத்த பிறகு எங்கே குறைக்கலாம் என்று பேசலாம்.

போனைக் காட்டிப் பணம் கொடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. 2001-இல் டிராசன் பிரெலெக், டங்கன் சைமெஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்து வணிக மேலாண்மை மாணவர்களிடம் கூடைப்பந்து ஆட்டத்தின் டிக்கெட்டுகளை ஏலம் விட்டுப் பார்த்தார்கள். ரொக்கமாகத் தர வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைவிட, கிரெடிட் கார்டில் தரலாம் என்று சொல்லப்பட்டவர்கள் சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேல் கேட்டார்கள். படித்ததோ வணிக மேலாண்மை. போன் என்பது கார்டைவிடவும் லேசானது, அதில் பணம் போவது இன்னும் குறைவாகத்தான் உறைக்கும் என்பது என் கணிப்பு. இதற்காகப் பழையபடி ரொக்கத்துக்குத் திரும்ப வேண்டியதில்லை. இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பணம் வந்து விழுவது ஒன்றில். திங்கட்கிழமை காலையில் அந்த வாரத்துக்கான தொகை மட்டும் தானாக இன்னொன்றுக்குப் போகட்டும். போனில் இணைத்திருப்பது அந்த இரண்டாவதாக இருக்கட்டும். அப்போது இருப்பைப் பார்த்தாலே வாரக் கணக்கைப் பார்த்த மாதிரி. தனியாக எந்த ஆப்பும் வேண்டாம்.

சப்ஸ்கிரிப்ஷன்களை வருடத்தில் இரண்டு முறை பாருங்கள். இலவச மாதம் முடிந்ததும் தானாகப் பணம் எடுப்பவை, மாணவர் சலுகை முடிந்து முழுக் கட்டணத்துக்கு மாறியவை இரண்டும் இருக்கும். 28 நாள் டேட்டா பேக் போடுகிறவர்கள் வருடத்துக்கு 13 தடவை போடுகிறார்கள், அதே பழைய கணக்குதான்.

எண்களைவிடக் கடினமானது நண்பர்கள் விஷயம். மாணவர் பட்ஜெட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. தனியாகச் செய்யும் செலவுகளை ஒரு மாணவர் எளிதாகக் கட்டுப்படுத்திவிடலாம். கூட்டமாகச் செய்யும் செலவுகளில்தான் வாய் திறக்க முடியாமல் போகிறது. ஆறு பேர் சாப்பிடப் போய் பில்லை ஆறாக வகுக்கிறார்கள். அதில் ஒருவர் வேண்டுமென்றே விலை குறைந்ததாகப் பார்த்து வாங்கியிருப்பார். வகுத்தவருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் நிச்சயம் வேறு மாதிரி வகுத்திருப்பார். கூட்டத்தில் ஒருவராவது 'அவங்கவங்க வாங்கினதுக்கு அவங்கவங்க கொடுத்துடலாம்' என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அந்த ஒருவர் மூச்சு விடுவார். பண வசதி இருப்பவர் இதைச் சொல்வதுதான் அழகு. இல்லாதவர் சொன்னால் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

மறுப்பதற்கும் வாரக் கணக்கு ஒரு வழி தருகிறது. 'என்கிட்ட காசு இல்லடா' என்று சொல்வதற்குக் கூச்சமாக இருக்கும். 'இந்த வாரக் கோட்டா முடிஞ்சது, திங்கட்கிழமைக்கு அப்புறம் போலாம்' என்று சொல்வதற்கு அந்தக் கூச்சம் வேண்டியதில்லை. அதில் பொய்யும் இல்லை. வருகிறேன் என்றும் சொல்லியாகிவிட்டது, நாளும் குறித்தாகிவிட்டது. எங்கள் வகுப்பில் இரண்டு மூன்று பேர் இப்படிச் சொல்லத் தொடங்கிய பிறகு, மற்றவர்களும் தயக்கமில்லாமல் சொல்ல ஆரம்பித்தார்கள். அதுவரை எல்லோரும் மற்றவருக்காகத்தான் செலவு செய்துகொண்டிருந்தோம் போலிருக்கிறது.

கைமாற்று விஷயத்தில் என் விதி ஒன்றுதான்: வாங்கியதோ கொடுத்ததோ, அந்த வாரம் முடிவதற்குள் தீர்ந்துவிட வேண்டும். தீர்க்க முடியாத அளவு தொகை என்றால் அதைக் கடன் என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லி, எந்த வாரம் எவ்வளவு என்று பேசிக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் முன்னால் பணம் கட்டிவிட்டு அப்புறம் ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்குகிற நண்பர் எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். டிக்கெட் எடுப்பதும் அவர்தான், அறைக்கு முன்பணம் கொடுப்பதும் அவர்தான். அவர் பணக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை, பொறுப்பானவராக இருக்கிறார், அவ்வளவுதான். அவரைக் கேட்க விடாதீர்கள். அன்று இரவே அனுப்பிவிடுங்கள்.

குறைக்க வேண்டும் என்று வந்தால் முதலில் சாப்பாட்டில் கை வைப்பதுதான் வழக்கமாக இருக்கிறது, ஏனென்றால் அது ஒன்றுதான் யாரையும் கேட்காமல் குறைக்கக்கூடிய செலவு. அதை மட்டும் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மருந்தும் அப்படித்தான். இரவில் நேரமாகிவிட்டால் பத்திரமாக அறைக்குத் திரும்ப ஆகும் செலவும் அப்படித்தான். இந்த மூன்றும் ஒதுக்கீட்டில் முதலில் வரட்டும். புத்தகத்தில் குறைக்கலாம். நூலகப் பிரதி, சீனியரின் பழைய பதிப்பு, இருவர் சேர்ந்து வாங்குவது என்று பல வழி இருக்கிறது. முதல் வகுப்புக்குப் போய் எந்தப் புத்தகம் உண்மையில் தேவைப்படும் என்று தெரிந்துகொண்ட பிறகு வாங்கினாலே செலவு இறங்கும்.

பணக் கவலை படிப்பையும் தின்னும். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்டோர் 2013-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. அறுவடைக்கு முன் கை வறண்டிருந்தபோது சிந்தனைத் திறன் சோதனைகளில் தடுமாறிய அதே கரும்பு விவசாயிகள், அறுவடைக்குப் பின் பணம் வந்ததும் மேலாகச் செய்தார்கள். அதே ஆட்கள், அதே அறிவு. தேர்வு வாரமும் காசில்லாத வாரமும் ஒன்றாக வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் தேர்வு வாரங்களுக்கு மட்டும் ஒதுக்கீட்டை முன்கூட்டியே கொஞ்சம் ஏற்றிவைக்கச் சொல்கிறேன். அந்த வாரங்களில் சமைக்கவோ சல்லிசான விலை தேடி அலையவோ நேரமும் இருக்காது.

இவ்வளவும் செய்த பிறகும் கணக்கு நேராகாமல் போகலாம். சாப்பாடு, பயணம், கட்டாயக் கட்டணங்கள் மூன்றையும் கூட்டினாலே வரவைத் தாண்டுகிற மாணவர்கள் இருக்கிறார்கள். பார்ட் டைம் சம்பளத்தில் ஒரு பகுதியை வீட்டுக்கு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்ச் செலவைக் குறை என்று சொல்வது தவறு. பட்ஜெட் இல்லாத பணத்தை உண்டாக்காது. அந்த நிலையில் வாரக் கணக்கு வேறொரு வேலைக்குப் பயன்படும். பல பல்கலைக்கழகங்களில் மாணவர் நலப் பிரிவு, அவசர நிதி, கட்டணத்தைத் தவணையாகக் கட்டும் வசதி என்று ஏதாவது இருக்கும். வெறுங்கையோடு போய் 'கஷ்டமாக இருக்கிறது' என்று சொன்னால் விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எட்டு வாரத்துக் கணக்கைக் காட்டி, 'வரவு இவ்வளவு, கட்டாயச் செலவு இவ்வளவு, வாரத்துக்கு இவ்வளவு குறைகிறது' என்று சொன்னால் எவ்வளவு உதவி, எத்தனை வாரத்துக்கு என்று பேச்சு நகரும்.

வீட்டில் பேசுவதற்கும் அதே தாள்தான். 'இன்னும் காசு அனுப்புங்கப்பா' என்று கேட்டால் அப்பாவுக்கு வருவது பயம். எங்கே போகிறது என்று தெரியாத பயம். தாளைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, 'அப்பா, இதைப் பார்த்துட்டுச் சொல்லுங்க, எதைக் குறைக்கலாம்னு நீங்களும் பாருங்க' என்று கேட்டுப் பாருங்கள். அனுப்ப முடிந்தால் அனுப்புவார். முடியவில்லையென்றாலும் அது யார் தப்பும் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்துவிடும். கட்டணம் கட்டக் கடைசி நாளுக்கு மூன்று வாரமாவது முன்பே இதைப் பேசிவிடுங்கள். தவணை கேட்கவும், வேறு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவும், அலுவலகத்தில் ஒரு கையெழுத்துக்காகக் காத்திருக்கவும் அவ்வளவு நாள் பிடிக்கும்.